துபாயில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு: வரியும் பத்திரங்களும்

"துபாயில் வீடு வாங்கினால் வரியே கிடையாது." வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்கள் விற்பனை முகவர்களிடம் அடிக்கடி கேட்கும் சொல் இது. இதில் பாதி உண்மை. துபாயில் ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரி இல்லை. தனிநபர் தன் வீட்டை வாடகைக்கு விட்டாலும், லாபத்துக்கு விற்றாலும் அங்கே வருமான வரி இல்லை.

மறுபாதியை முகவர் சொல்வதில்லை. வாங்கும்போது பதிவுக் கட்டணம் உண்டு. வாங்கியவர் ஊர் திரும்பிவிட்டால் அந்த வீட்டின் வாடகைக்கும் லாபத்துக்கும் இந்தியாவில் வரி உண்டு. வீடு இருப்பதை இங்கே தெரிவிக்க வேண்டிய கடமையும் உண்டு. ஆகவே துபாயில் வாங்கும் வீட்டுக்கு இரண்டு நாடுகளின் சட்டப்படியும் பத்திரங்கள் சரியாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது ஆகும் செலவு

வெளிநாட்டவர் துபாயில் எல்லா இடத்திலும் வீடு வாங்க முடியாது. முழு உரிமையுடன் வாங்க அனுமதிக்கப்பட்ட பகுதிகள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. பார்த்திருக்கும் வீடு அப்பகுதியில் உள்ளதா, விற்பவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா, அதன் மேல் கடன் உள்ளதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே துபாய் நிலத்துறை வழியாகச் சரிபார்த்துவிடுங்கள்.

10 லட்சம் திர்ஹம் விலையுள்ள, ஏற்கெனவே ஒருவர் பெயரில் உள்ள ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 40,000 திர்ஹம். சட்டப்படி இது வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் உரியது. நடைமுறையில் முழுவதையும் வாங்குபவரே கட்டுகிறார். யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முகவர் கமிஷன் வழக்கமாக 2 சதவீதம். அதன் மேல் 5 சதவீத வாட் வரியும் சேர்ந்தால் 21,000 திர்ஹம். பதிவு செய்து தரும் டிரஸ்டி அலுவலகத்துக்கு வாட் உட்பட 4,200 திர்ஹம். இவை மட்டுமே 65,200 திர்ஹம் ஆகிவிடும்.

கட்டிய நிறுவனம் தரும் தடையின்மைச் சான்றுக்கான கட்டணம் தனி. வங்கிக் கடன் இருந்தால், கடன் தொகையில் 0.25 சதவீதம் அடமானப் பதிவுக்குப் போகும். வீடு கைக்கு வந்த பிறகு சதுர அடிக் கணக்கில் பராமரிப்புக் கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. மின்சார, தண்ணீர் பில்லோடு நகராட்சியின் வீட்டுக் கட்டணமும் வரும். வாடகையைக் கணக்குப் போடும்போது இவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

கட்டி முடியாத வீடு என்றால்

இன்னும் கட்டி முடியாத வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கிடைக்காது. அதற்குப் பதிலாக 'ஊகூத்' எனப்படும் இடைக்காலப் பதிவு நடக்கும். அந்தப் பதிவில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி, வாங்குவோர் கட்டும் தவணைகள் அந்தக் கட்டுமானத்துக்கென உள்ள எஸ்க்ரோ கணக்கில்தான் சேர வேண்டும். முகவரின் சொந்தக் கணக்கிலோ, ரொக்கமாகவோ தவணை கேட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

பணம் எந்த வழியாகப் போக வேண்டும்

வெளிநாட்டில் வசிக்கும்போது, அங்கே சம்பாதித்த பணத்தில் வாங்கிய வீட்டுக்கு இந்தியச் சட்டத்தில் தடையில்லை. ஊர் திரும்பிய பின்னும் அதை வைத்துக்கொள்ளலாம். ஊரில் நிலத்தை விற்ற பணம் என்.ஆர்.ஓ. கணக்கில் இருந்தால், உரிய வரியைக் கட்டி, பட்டயக் கணக்காளர் சான்றுடன் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம்.

இந்தியாவில் வசிப்பவருக்கு விதி வேறு. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் அனுப்பலாம். குடும்பத்தார் பலர் சேர்ந்து அனுப்புவதானால், அனுப்பும் ஒவ்வொருவரும் அந்த வீட்டின் உரிமையாளராக இருக்க வேண்டும். மனைவியின் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டுக் கணவர் பெயரில் மட்டும் பதிவு செய்வது விதிமீறல். இங்குள்ள வங்கியில் கடன் வாங்கி அனுப்பவும் அனுமதியில்லை.

2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிக்கிறது. 50 லட்சம் அனுப்பினால், 40 லட்சத்துக்கு 8 லட்சம் ரூபாயைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். இது முன்கூட்டியே பிடிக்கப்படும் வரிதான். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம், மீதியைத் திரும்பப் பெறலாம். ஆனாலும் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது.

இந்தத் தொல்லைக்குப் பயந்து உண்டியலில் அனுப்புவோர் உண்டு. அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். அப்படி வாங்கிய வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

ஊர் திரும்பிய பிறகு

நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவர் ஊர் திரும்பினால், பொதுவாக முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு வாடகைக்கு இங்கே வரி இருக்காது. அவரவர் தங்கிய நாட்களைப் பொறுத்து இது மாறும். அதன் பின் முழுமையான இந்தியவாசியாகக் கருதப்படுவீர்கள். துபாய் வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்தது போக மீதி, இங்குள்ள வருமானத்தோடு சேரும். அங்கே வரி கட்டாததால் இங்கே ஈடு செய்யவும் ஒன்றும் இருக்காது.

வீட்டை விற்றால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அந்த லாபத்தில் உரிய காலத்துக்குள் இந்தியாவில் குடியிருப்பு வீடு வாங்கினால் சலுகை உண்டு.

வருமானமே இல்லாமல் வீடு பூட்டிக் கிடந்தாலும், வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்டியாக வேண்டும். காட்டத் தவறினால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் இடம் தருகிறது. 2024 அக்டோபரில் 20 லட்சம் ரூபாய் வரையான சொத்துகளுக்குத் தரப்பட்ட தளர்வு, வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்துக்குப் பொருந்தாது. வாடகை சேரும் துபாய் வங்கிக் கணக்கையும் அதே பட்டியலில் காட்ட வேண்டும். கணக்கு விவரங்களை நாடுகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் காலம் இது. கோல்டன் விசா கையில் இருந்தாலும், ஆண்டின் பெரும்பகுதியை ஊரில் கழிப்பவர் இந்திய வரிச் சட்டத்தின் பார்வையில் இங்கு வசிப்பவரே.

குடும்பத்தாருக்குச் சொல்லி வையுங்கள்

வீட்டுக்காரர் மௌத்தாகிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கணவன், மனைவி இருவர் பெயரில் வீடு இருந்தாலும் இறந்தவரின் பங்கு மற்றவருக்குத் தானாகப் போய்விடாது. முஸ்லிமின் பங்கு ஃபராயிழ் முறைப்படி வாரிசுகளுக்குப் பிரியும். கொடுத்து வைத்த அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் இறந்ததும் செல்லாது. குடும்பத்தார் இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் இந்தியாவில் அத்தாட்சி பெற்று, அமீரகத் தூதரக முத்திரை வாங்கி, அரபியில் மொழிபெயர்த்து, துபாய் நீதிமன்றத்தில் வாரிசுரிமை ஆணை பெற வேண்டும். அதற்குப் பிறகே நிலத்துறையில் பெயர் மாறும். வீடு இருப்பதே தெரியாத மனைவி மக்களால் இதில் எதையும் தொடங்க முடியாது.

ஆகவே ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

1. உரிமைப் பத்திரம் அல்லது ஊகூத் பதிவு, விற்பனை ஒப்பந்தம்
2. பணம் கட்டிய ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், டி.சி.எஸ். சான்று
3. வாங்கிய காலத்தில் நீங்கள் வெளிநாட்டில் வசித்ததைக் காட்டும் பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல்
4. கடன் விவரம், பராமரிப்புக் கட்டண ரசீதுகள், வாடகை ஒப்பந்தம்
5. துபாயில் உதவக்கூடிய நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசி எண்

இதன் நகல் ஒன்று துபாயிலும், ஒன்று ஊரில் மனைவியிடமோ மூத்த பிள்ளையிடமோ இருக்கட்டும். வரி விதிகள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுபவை. முன்பணம் கொடுக்கும் முன்பு ஒரு முறை, ஊர் திரும்பும் ஆண்டில் ஒரு முறை பட்டயக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், பின்னால் கட்ட நேரும் அபராதத்தோடு பார்த்தால் மிகச் சிறியது. பல ஆண்டு உழைப்பில் வாங்கிய வீடு, இன்ஷா அல்லாஹ், உங்கள் பிள்ளைகளின் கைக்குச் சிக்கலில்லாமல் போய்ச் சேரட்டும்.