வெட்டி நீட்டப்படும் டிரக் சட்டகம்

பழைய டிரக் ஒன்றின் அடிச்சட்டகத்தை வெட்டி, எஃகு சேர்த்து நீட்டி, அதன்மேல் ஒரு காரை முழுதாக ஏற்றிச் செல்லத்தக்க மேடையை அமைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலவுகிறது. 1960களிலும் 1970களிலும், கால் மைல் நேர்ப்பாதையில் இரண்டு கார்கள் போட்டியிடும் டிராக் ரேஸ் பந்தயங்களுக்காக ஊர் ஊராகச் சென்ற வீரர்கள், பின்புறம் தாழ்ந்தும் முன்புறம் உயர்ந்தும் இருக்கும் மேடை கொண்ட சாய்தள டிரக்குகளைத் தம் அடையாளமாகவே வைத்திருந்தனர். ‘பாம்பு’ என்று பொருள்படும் ஸ்நேக் என்ற பட்டப்பெயர் பெற்ற டான் புருடோமும், ‘கீரி’ என்று பொருள்படும் மங்கூஸ் என்ற பெயரால் அறியப்பட்ட டாம் மெக்யுவனும் 1970இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களின் ஆதரவோடு களமிறங்கியபோது, அவர்களுடைய பந்தயக் கார்களைப் போலவே அவற்றைச் சுமந்துவந்த டாட்ஜ் டிரக்குகளும் கூட்டத்தைக் கவர்ந்தன. இன்றும் பழைய கார்களைச் சேகரிப்போரும் சிறிய பந்தயக் குழுவினரும், இழுவை வண்டியைப் பின்னால் கட்டி இழுக்கும் தொல்லை வேண்டாம் என்று கருதி, இத்தகைய டிரக்குகளைப் பட்டறைகளில் உருவாக்கிக்கொள்கின்றனர்.

இவ்வகை வண்டிகளுள் பெரும்புகழ் பெற்ற ஒன்று ஜெர்மனியில் பிறந்தது. மெர்சிடிஸ்-பென்ஸ் பந்தயப் பிரிவின் மேலாளர் ஆல்ஃபிரெட் நாய்பவர் காலத்தில், 1955இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த நீலநிற வண்டி, 300 எஸ் காரின் குழாய்ச் சட்டகத்தை நீட்டி, 300 எஸ்எல் விளையாட்டுக் காரின் 192 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி, ஓட்டுநர் அறையை முன் அச்சுக்கும் முன்னால் தள்ளி அமைத்துக் கட்டப்பட்டது. முதுகில் பந்தயக் காருடன் மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடக்கூடியதாக இருந்தது. 1967இல் உடைத்துப் போடப்பட்ட அதை, 1990களில் பழைய ஒளிப்படங்களைத் துணையாகக் கொண்டு அந்நிறுவனமே மீண்டும் உருவாக்கத் தொடங்கி, 2001இல் முடித்தது. ஓட்டுநர் அறையை ஏன் அவ்வளவு முன்னால் தள்ளினார்கள் என்ற கேள்விக்கு விடை காண முயன்றால், இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு முழுவதும் விளங்கிவிடும்.

பட்டறைகளில் சேசிஸ் என்று சொல்லப்படும் டிரக்கின் அடிப்பகுதி, ஏணி ஒன்றைத் தரையில் கிடத்தியது போன்ற அமைப்புடையது. நீளவாக்கில் ஓடும் இரண்டு எஃகுச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் பிணைக்கின்றன. நீளச் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ‘ப’ என்ற எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போன்ற வடிவம் தெரியும். அதில் நிமிர்ந்து நிற்பதை நடுத்தகடு என்றும், மேலும் கீழும் கிடையாக நீள்பவற்றை மடிப்புகள் என்றும் அழைக்கலாம். முன் அச்சின் மையத்திற்கும் பின் அச்சின் மையத்திற்கும் இடைப்பட்ட தொலைவே வீல்பேஸ் எனப்படும் அச்சிடைத் தூரம். நீட்டும் வேலையில் மாறுவது முதன்மையாக இந்த அளவுதான்.

அச்சிடைத் தூரம் 3.5 மீட்டர் உள்ள ஒரு டிரக்கில், ஓட்டுநர் அறை முன் அச்சிலிருந்து 2 மீட்டர் பின்னால் முடிகிறது என்று கொள்வோம். அதன்பின் தொடங்கும் மேடையில் 4.5 மீட்டர் நீளக் காரை, சிறிது இடைவெளி விட்டு நிறுத்தினால், காரின் எடைமையம் முன் அச்சிலிருந்து சுமார் 4.5 மீட்டர் தொலைவில், அதாவது பின் அச்சுக்கும் 1 மீட்டர் பின்னால் விழும். காரின் எடை 1,600 கிலோ என்றால், பின் அச்சு 2,057 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கும். கூடுதலான அந்த 457 கிலோ முன் அச்சின் மீதிருந்து கழிகிறது. சீசா பலகையாட்டத்தில் ஒரு முனை தாழ மறுமுனை எழுவதைப் போல டிரக்கின் மூக்கு எழும். முன் சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து, திருப்புவதும் நிறுத்துவதும் ஓட்டுநரின் கையை விட்டு நழுவத் தொடங்கும். அதே டிரக்கின் பின் அச்சை 1.2 மீட்டர் பின்னுக்குத் தள்ளினால், பின் அச்சின் மேல் 1,532 கிலோவும் முன் அச்சின் மேல் 68 கிலோவுமாகச் சுமை பிரிகிறது. சட்டகத்தை நீட்டுவதன் உண்மையான நோக்கம் இதுதான். மேடைக்கு இடம் கிடைப்பது அதனுடன் வரும் பயன் மட்டுமே. நீல வண்டியை வடிவமைத்தவர்கள் ஓட்டுநரை முன்னால் தள்ளியதும் இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து தீர்த்த முறை ஆகும்.

ஆனால் இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. வாய்க்காலின் குறுக்கே போட்ட பலகையின் நீளம் கூடக்கூட, அதே ஆள் நடக்கும்போது அது மேலும் தொய்வதைப் பலரும் கண்டிருப்பர். ஒரே எடை ஒரே விதமாகப் பரவியிருக்கும் நிலையில், வளைக்கும் விசைத்திருப்பம் நீளத்தின் விகிதத்திலும், தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தின் விகிதத்திலும் கூடுகின்றன. 3.5 மீட்டரை 4.7 மீட்டராக்கினால், வளைக்கும் விசைத்திருப்பம் மூன்றில் ஒரு பங்கு அதிகரிக்க, தொய்வோ ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. சட்டம் வளையும்போது மேல் மடிப்பு நசுங்கவும் கீழ் மடிப்பு இழுபடவும் செய்வதால், அவ்விரண்டு மடிப்புகளே சுமையின் பெரும்பங்கை ஏற்கின்றன. ஆதலால் மடிப்பில் துளையிடுவதும் அதன் ஓரத்தில் வெல்டிங் வைப்பதும் இத்தொழிலில் பெருங்குற்றமாகக் கருதப்படுகின்றன. துளைகள் யாவும் நடுத்தகட்டில், மடிப்பிலிருந்து விலகியே அமைய வேண்டும்.

வெட்டும் கருவியைக் கையில் எடுக்கும் முன் அறிய வேண்டியது எஃகின் தரம். சாதாரண எஃகு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு அழுத்தம் வரை நிலையான உருமாற்றமின்றித் தாங்கும். நடுத்தர டிரக்குகளில் 50,000 பவுண்டு தாங்கும் எஃகும், கனரக டிரக்குகள் பலவற்றில் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய 1,10,000 பவுண்டு எஃகும் பயன்படுகின்றன. பதப்படுத்திய எஃகில் வெல்டிங்கின் சூடு படும்போது, மூட்டின் இருபுறமும் உள்ள ஒரு பட்டைப் பகுதி, பதத்தால் பெற்ற வலுவை இழந்துவிடுகிறது. மூட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதன் அருகிலுள்ள தாய் உலோகமே மெலிந்துபோவதால், வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது என்ற எச்சரிக்கை வில்லை அத்தகைய சட்டங்கள் பலவற்றில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த வில்லையை மதிக்காத திறமை, திறமையாகாது.

வெட்டும் இடமும் அதே அளவு முக்கியமானது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் சட்டத்தை அறுத்துத் துண்டு சேர்ப்பது ஒரு முறை. அது பார்வைக்கு எளிதாயினும், வளைவு விசை மிகுந்த பகுதியில் மூட்டு அமைகிறது. மற்றொரு முறையில், பின் அச்சையும் ஸ்பிரிங் பட்டைகளையும் அவற்றின் தாங்கிகளோடு கழற்றி, சட்டத்தின் வால்முனையில் நீளத்தைச் சேர்த்து, அச்சைப் பின்னுக்கு நகர்த்திப் பொருத்துகின்றனர். மூட்டு விசை குறைந்த பகுதியை நோக்கிப் போய்விடுவதால், இயலும் இடங்களில் எல்லாம் இதுவே மேலானது. அறையும் வெறும் சட்டகமுமாக விற்கப்படும் டிரக்குகளில் சட்டங்கள் 34 அங்குல அகலத்தில் நேராக ஓடுவதால் இது கைகூடும். பின் அச்சின் மேல் வளைந்தேறும் பிக்கப் சட்டகத்தில் கைகூடாது.

நடுவில் வெட்டியே ஆக வேண்டுமெனில், நேர்க்குத்தாக அறுக்காமல், சாய்வாகவோ படிக்கட்டு போலவோ அறுக்கின்றனர். மூட்டு முழுவதும் ஒரே குறுக்குக் கோட்டில் விழாமல் நீளவாக்கில் பரவ வேண்டும் என்பதே காரணம். விளிம்புகளைச் சரிவாகச் சீவி, உலோகம் தகட்டின் முழுத் தடிமனிலும் ஊடுருவுமாறு ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் குச்சியால் பற்றவைத்து, மேடாக நிற்பதைத் தேய்த்துச் சமப்படுத்துகின்றனர். தேய்ப்புக் கோடுகள் சட்டத்தின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே விழும் ஒரு கீறல்கூட நாளடைவில் விரிசலின் தொடக்கமாகக்கூடும். பின்னர் சட்டத்தின் உட்புறத்தில் அதே வடிவிலான வலுவூட்டும் தகட்டைச் செருகி, மூட்டுக்கு இருபுறமும் நீளுமாறு நடுத்தகட்டில் போல்ட்டுகளால் இறுக்குகின்றனர். அத்தகட்டின் முனைகளைச் சாய்வாக வெட்டாமல் சதுரமாக விட்டுவிட்டால், விறைப்பு திடீரென மாறும் அந்த இடத்திலேயே பிற்காலத்தில் சட்டம் பிளக்கும். தடித்த தகடு மட்டுமே பாதுகாப்பு என்று நம்புவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

நீட்டிய பின் எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டும் நீள வேண்டும். சுழலும் தண்டின் நீளம் இருமடங்கானால், அது அதிர்ந்து துள்ளத் தொடங்கும் எல்லை வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், அதை இரண்டு துண்டுகளாக்கி நடுவில் சென்டர் பேரிங் ஒன்றால் தாங்குகின்றனர். பிரேக் குழாய்கள், எரிபொருள் குழாய், மின்கம்பிகள் ஆகியவற்றையும் நீட்ட வேண்டும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றாவிட்டால் எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி கருகக்கூடும். திருப்பும் ஆரமும் மூன்றில் ஒரு பங்கு பெருகிவிடும்.

வண்டி நீண்டதனால் அதன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடுவதில்லை. அச்சு, டயர், பிரேக் ஆகியவை பழையவையாகவே இருக்கின்றன. மேடைக்கும் வலுவூட்டும் தகடுகளுக்கும் ஆகும் எஃகின் எடை, ஏற்றக்கூடிய காரின் எடையிலிருந்தே கழிக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் அந்த மொத்த எடை 26,001 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 11.8 டன்னை எட்டினால், வணிகப் பயன்பாட்டில் ஓட்டுபவர் தனி உரிமம் பெற்றாக வேண்டும்.

இவையனைத்திற்கும் முன்பாக, சக்கரங்களை விட்டு உயர்த்தி மட்டப்பலகை வைத்துச் சமன் செய்த தாங்கிகளின் மேல் சட்டகத்தை இருத்தி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நாடா பிடித்து இரு மூலைவிட்டங்களையும் அளக்கின்றனர். வெட்டும் முன்பும், தற்காலிகமாகப் புள்ளி வெல்டிங் வைத்த பின்பும், முழு வெல்டிங் ஆறிய பின்பும் அதே அளவு மீண்டும் எடுக்கப்படுகிறது. வெல்டிங்கின் சூடு சட்டத்தை முறுக்கி இரு மூலைவிட்டங்களும் வேறுபட்டுவிட்டால், நேர்ச்சாலையில் அந்த டிரக் தன் பின்புறத்தை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு நண்டைப் போல ஓடும். அதைத் திருத்த, வைத்த மூட்டையே மறுபடி அறுக்க வேண்டியிருக்கும்.