முகமது பின் துக்ளக் திரைப்படத்திற்கான எதிர்வினைகள்

முகமது பின் துக்ளக் என்பது 1971 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த தமிழ் நகைச்சுவைத் திரைப்படம் ஆகும். சோ ராமசாமி இதனை எழுதி, இயக்கி, முதன்மை வேடத்திலும் நடித்தார். அரசியல்வாதிகளின் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியை எள்ளி நகையாடிய இப்படம், தமிழில் அரசியல் அங்கதம் என்னும் வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. இப்படத்திற்கும் இதன் வழியில் பின்னர் வந்த சில படங்களுக்கும் பார்வையாளர்கள் காட்டிய எதிர்வினைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நாடகமும் பின்னணியும்

இக்கதை முதலில் மேடை நாடகமாகவே எழுதப்பட்டது. சோவின் விவேகா பைன் ஆர்ட்ஸ் குழு 1968 இல் இதனை மேடையேற்றியது. 1965 இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மக்கள் நினைவில் பசுமையாக இருந்த காலம் அது. 1967 தேர்தலில் காங்கிரசு தோற்று, திராவிட முன்னேற்றக் கழகம் (திமுக) ஆட்சிக்கு வந்திருந்தது. வட மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர்கள் காலையில் ஒரு கட்சியிலும் மாலையில் வேறொரு கட்சியிலுமாக இருந்தனர். நாடகத்தின் நகைச்சுவைத் துணுக்குகளில் பெரும்பாலானவை அன்றைய நாளிதழ்களிலிருந்தே எடுக்கப்பட்டவை எனலாம்.

கன்னட எழுத்தாளர் கிரீசு கர்னாட்டு 1964 இல் இதே மன்னனை வைத்துத் துக்ளக் என்னும் நாடகத்தை எழுதியிருந்தார். அது ஓர் இலட்சியவாதியின் வீழ்ச்சியைக் கூறும் துன்பியல் நாடகம். சோ எடுத்துக்கொண்டதோ மக்கள் வழக்கில் வாழும் கோமாளித் துக்ளக்கை. 1325 முதல் 1351 வரை தில்லியை ஆண்ட வரலாற்று மன்னன், தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியதாலும் செப்பு நாணயத்தை வெள்ளிக்கு ஈடாக வெளியிட்டதாலும் நினைவுகூரப்படுகிறான். அவனது அவையில் இருந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவும் இக்கதையில் ஒரு பாத்திரம். (உண்மையான பதூதா பின்னாளில் தமிழகத்துக்கே வந்து மதுரை சுல்தானகத்தில் தங்கியவர் என்பது பலர் அறியாத செய்தி.)

கதைச் சுருக்கம்

அகழாய்வில் திறக்கப்பட்ட கல்லறையிலிருந்து துக்ளக்கும் பதூதாவும் உயிருடன் எழுந்து வருவதாக நாடு நம்புகிறது. துக்ளக் தேர்தலில் நின்று பிரதமர் ஆகிறார். தம் பக்கம் வரும் உறுப்பினர்கள் அனைவருக்கும் துணைப் பிரதமர் பதவி அளிக்கிறார். மொழிச் சிக்கலைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறார். கையூட்டைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்குகிறார். உண்மையில் இவ்விருவரும் மகாதேவன், இராகவன் என்னும் இளைஞர்கள். அரசியல்வாதிகளின் போலித்தனத்தை மக்களுக்குக் காட்டிவிட்டு, இறுதியில் தாங்கள் யார் என்பதை வெளியிடுவது என்பதே அவர்களது திட்டம். ஆனால் பதவியின் சுவை கண்ட மகாதேவன் வேடத்தைக் கலைக்க மறுக்கிறான். உண்மையைக் கூற முயலும் இராகவனைத் துரோகி என்று கூட்டத்தின் முன் நிறுத்துகிறான். கூட்டம் மகாதேவனை நம்பி இராகவனைக் கொன்றுவிடுகிறது.

முழுவதும் சிரிக்க வைத்த படம் இவ்வாறு முடிவது பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். அதுவரை கேலிக்கு உள்ளானவர்கள் அரசியல்வாதிகள். இறுதிக் காட்சியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது, அவர்களுக்குக் கைதட்டிய மக்கள். இப்படத்தைப் பற்றிய பேச்சில் துணைப் பிரதமர் காட்சி இடம்பெறும் அளவுக்கு இம்முடிவு இடம்பெறுவதில்லை.

எதிர்ப்புகள்

படத்திற்கு எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. முதலாவது ஆளுங்கட்சியினரிடமிருந்து வந்த எதிர்ப்பு. மனோரமா ஏற்ற தேன்மொழியாள் என்னும் அரசியல்வாதிப் பாத்திரம் திராவிட இயக்க மேடைப் பேச்சின் எள்ளல் போலியாக அமைந்திருந்தது. இதில் கட்சியினருக்கு ஐயம் இருக்கவில்லை. சோ 1970 சனவரியில் தொடங்கிய துக்ளக் இதழ் ஏற்கனவே திமுக ஆட்சியைக் கடுமையாகத் தாக்கி வந்ததும் இப்பகையைக் கூட்டியது.

இரண்டாவது, இசுலாமியர் சிலரிடமிருந்து வந்த எதிர்ப்பு. ஓர் இசுலாமிய மன்னனைக் கேலிப்பொருளாக்குவது தம் சமயத்தை இழிவுபடுத்துவதாகும் என்று அவர்கள் கருதினர். படத்தில் இறைவனைப் போற்றும் ஒரு பாடலை இசையமைப்பாளர் ம. சு. விசுவநாதன் தம் சொந்தக் குரலிலேயே பாடியுள்ளார். அங்கதம் குறிவைக்காத ஒருவரையும் புண்படுத்தக் கூடும் என்பதற்கு இது ஒரு எடுத்துக்காட்டு.

தேர்தலும் சிரிப்பும்

படம் வெளிவந்த அதே மாதத்தில் நாடாளுமன்றத்துக்கும் தமிழகச் சட்டமன்றத்துக்கும் தேர்தல் நடைபெற்றது. சோ ஆதரித்த காமராசரின் நிறுவனக் காங்கிரசு சட்டமன்றத்தில் 15 இடங்களை மட்டுமே பெற்றது. திமுக 234 இடங்களில் 184 ஐக் கைப்பற்றியது. நாடாளுமன்றத் தேர்தலில் நாகர்கோவிலில் காமராசர் மட்டுமே அவரது கட்சி சார்பில் தமிழகத்தில் வென்றார்.

இதனைக் கொண்டு மக்கள் படத்தைப் புறக்கணித்தனர் என்று முடிவு செய்வது தவறு. ஒரு திரைப்படம் ஒரு தேர்தலை மாற்றும் என்று எதிர்பார்ப்பதே மிகை. மேலும், சிரிப்பும் வாக்கும் ஒரே மனிதரிடத்தில் வெவ்வேறு திசையில் செல்லக்கூடியவை. கட்சி மாறுபவரைக் கேலி செய்யும் காட்சியில் சிரிக்கும் கட்சிக்காரர், அது எதிர்க்கட்சியைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. எல்லாக் கட்சிகளையும் சாடும் படத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டாதவரையே காண்பர். இது அங்கதத்தின் வலிமையும் குறையும் ஆகும்.

சபாவிலிருந்து ஊர்க் கொட்டகைக்கு

நாடகமாக இருந்தவரை துக்ளக்கின் பார்வையாளர்கள் பெரும்பாலும் சென்னை போன்ற நகரங்களின் சபா உறுப்பினர்கள். ஆங்கில நாளிதழ் படித்து, அரசியல் குறிப்புகளை உடனே பிடித்துக்கொள்ளும் நடுத்தர வகுப்பினர் அவர்கள். திரைப்படமானதும் இக்கேலி முற்றிலும் வேறான அவைக்குச் சென்றது. காவிரிப் படுகையின் நன்னிலம் (அன்று தஞ்சாவூர் மாவட்டம், 1997 முதல் திருவாரூர் மாவட்டம்) போன்ற சிற்றூர்களில் திரைப்படம் என்றால் கீற்றுக்கொட்டகையும், மணல் தரையும், ஒரே படக்கருவியால் இடையிடையே விடப்படும் இடைவேளைகளும்தான். நகரங்களில் ஓடி முடிந்த பின்னரே படச்சுருள் இவ்வூர்களுக்கு வந்து சேரும். ஆகவே நகரத்தார் தேர்தல் சூட்டில் பார்த்த படத்தை, இத்தகைய ஊரார் தேர்தல் முடிந்து வெற்றிக் கொடிகளும் கிழிந்த பின்னரே பார்த்திருக்க இயலும்.

கீழத்தஞ்சை அரசியல் அறியாத பகுதி அன்று. அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் பள்ளிப் படிப்பும் அரசியலும் பயின்றவர். நன்னிலத்திலிருந்து திருவாரூர் தொடர்வண்டியில் சிறிது நேரப் பயணமே. மறுபுறம், விவசாயத் தொழிலாளர்களிடையே பொதுவுடைமை இயக்கம் வேரூன்றிய மண் இது. கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நிகழ்வுக்கு அப்போது மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. திமுக மேடைத் தமிழைக் கேட்டு வளர்ந்தவருக்குத் தேன்மொழியாள் தம் வீட்டு ஆளைக் கேலி செய்வதாகத் தோன்றலாம். நாற்று நட்டுக் கூலிக்காகப் போராடியவருக்கோ, அரசியல்வாதிகள் எல்லோரும் ஒன்றே என்னும் படத்தின் கருத்து வசதி உள்ளவரின் சலிப்பாகத் தோன்றலாம். சபாவில் பொதுவான உண்மையாக ஒலித்த கருத்து எல்லா ஊரிலும் பொதுவானது அன்று.

பாலசந்தரின் வழி

இதே நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930 சூலை 9 அன்று பிறந்தவர் இயக்குநர் கே. பாலசந்தர். முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்து, பின்னர் சென்னையில் கணக்குத் தணிக்கை அலுவலகப் பணியில் சேர்ந்து, சோவைப் போலவே சபா நாடகத்தின் வழியாகத் திரைக்கு வந்தவர். நகைச்சுவையில் தேர்ந்த இவர், அரசியலைக் கையாண்டபோது பெரிதும் சிரிப்பைத் தவிர்த்தார் என்பது கவனிக்கத்தக்கது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிய தண்ணீர் தண்ணீர் (1981), குடிநீருக்காகக் கால்வாய் வெட்ட முனையும் வறண்ட சிற்றூர் மக்களுக்கு அரசு இயந்திரமே தடையாவதைக் கூறியது. அச்சமில்லை அச்சமில்லை (1984), நேர்மையான இளைஞன் அரசியலில் படிப்படியாகக் கெடுவதையும், அவன் மனைவியே அவனைக் கொல்வதையும் காட்டியது. மனைவியின் பெயர் தேன்மொழி. சோவின் தேன்மொழியாளுடன் இப்பெயர் ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம்.

இவ்விரு படங்களும் தேசிய விருது பெற்றன. இவற்றின் களம் தென்மாவட்டங்கள். காவிரிப் படுகை அன்று. எனினும் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று ஆண்டுதோறும் மேட்டூர் அணையை எதிர்நோக்கும் நன்னிலம் வட்டாரத்தாருக்குத் தண்ணீர் தண்ணீர் படத்தின் மனுக்களும் வாக்குறுதிகளும் விளக்கம் தேவைப்படாதவை. இப்படங்களில் ‘இது எதிர்க்கட்சியைப் பற்றியது’ என்று ஒதுங்கிக்கொள்ளும் வசதி பார்வையாளருக்குக் குறைவு.

அமைதிப்படையும் பிறவும்

மணிவண்ணன் இயக்கிய அமைதிப்படை (1994) இன்னொரு சிக்கலை வெளிக்கொணர்ந்தது. கோயிலில் உடைபடும் தேங்காயைப் பொறுக்கும் அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ. என்னும் அரசியல்வாதி ஆகிறான். வாக்கு எண்ணிக்கை கூடக்கூட, நாற்காலி விளிம்பில் ஒடுங்கி அமர்ந்திருந்தவன் மெல்லப் பின்சாய்ந்து கால்மேல் கால் போடும் காட்சி புகழ் பெற்றது. சத்யராசு இரு வேடங்களில் நடித்திருந்தார். ஆனால் மக்கள் நினைவில் நின்றது அநீதியை எதிர்க்கும் மகன் அல்லன், தந்தையே. அவனது வசனங்கள் மேற்கோள்களாகவும் பின்னாளில் நகைப்படங்களாகவும் வழங்கின. வெறுக்கப்பட வேண்டியவன் கொண்டாடப்பட்டான். துக்ளக்கின் இறுதிக் காட்சியில் கூட்டம் செய்ததற்கும் இதற்கும் அதிகத் தொலைவு இல்லை. இதன் தொடர்ச்சியாக 2013 இல் வந்த நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. அத்தகைய வரவேற்பைப் பெறவில்லை.

2018 தீபாவளிக்கு வெளியான சர்கார் நகைச்சுவைப் படம் அன்று. எனினும் இலவசப் பொருள்களைத் தீயில் எறியும் காட்சிக்காக அஇஅதிமுகவினர் திரையரங்குகளில் பதாகைகளைக் கிழித்துப் போராடினர். காட்சி நீக்கப்பட்டது. இதற்கு மாறாக, 2019 இல் வந்த எல்.கே.ஜி. படத்தில் அரசியல் களத்தில் இருந்தவர்களான நாஞ்சில் சம்பத்தும் ஜே. கே. ரித்தீசும் தாமே நடித்தனர். அதன் நாயகன் லால்குடியின் வார்டு உறுப்பினன். கேலி செய்யப்படுபவர்களே கேலியில் பங்கு கொள்ளும் நிலை வந்துவிட்டது என்பதை இது காட்டுகிறது.

மண்டேலா திரைப்படம் 2021 ஏப்பிரல் 4 அன்று, சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தொலைக்காட்சியில் நேரடியாக வெளியிடப்பட்டது. ஊராட்சித் தேர்தலில் ஒரே ஒரு வாக்கு வெற்றியைத் தீர்மானிக்கும் நிலையில், அவ்வாக்குக்கு உரிய முடிதிருத்துபவரை இரு சாதிப் பிரிவினரும் விலைபேசும் கதை இது. கட்சிகளிடமிருந்து பெரிய எதிர்ப்பு எழவில்லை. தங்களை இழிவாகச் சித்தரித்ததாக முடிதிருத்தும் சமூகத்தைச் சேர்ந்த அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இப்படம் பின்னர் அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்குமான தேசிய விருதுகளைப் பெற்றது.