அறைக்குச் சூடா, ஆளுக்குச் சூடா?

டிசம்பர் 21இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ‘சில்லாய் கலான்’ தொடங்கும். ஆண்டின் மிகக் கடுமையான குளிர் நிலவும் நாற்பது நாள் அது. ஸ்ரீநகரில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். குழாய்த் தண்ணீர் கட்டிப்போகும், தால் ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி படரும். அந்த நாட்களில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் முழங்கால்வரை தொளதொளவென்று தொங்கும் ஃபெரன் என்ற அங்கியை அணிந்திருப்பார்கள். அங்கியின் கைகள் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கும். உண்மையான கைகள் உள்ளே, வயிற்றோரமாக, காங்கிரியைப் பிடித்தபடி இருக்கும். காங்கிரி என்பது குச்சிகளால் பின்னிய கூடைக்குள் பொருத்திய சிறு மண்சட்டி. அதில் சாம்பல் மூடிய கரித்தணல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். அறைச் சுவர் சில்லிட்டுக் கிடந்தாலும் தணலை அணைத்திருப்பவருக்குக் குளிர் தெரியாது.

அதே டிசம்பரில் டொராண்டோவில் ஒரு தமிழ் வீடு. தெர்மோஸ்டாட் 21 டிகிரி காட்டுகிறது. மகன் அரைக்கைச் சட்டையோடு நடமாடுகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வாரங்களே ஆன அம்மா சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, “தம்பி, குளிருது” என்கிறார். “21இல விட்டிருக்கிறன் அம்மா” என்று மகன் சுவரைக் காட்டுகிறார். குளிர்நாடுகளில் வாழும் தமிழர்களில் பலருக்கு இந்த உரையாடல் பழக்கமானதாக இருக்கும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பழக்கமில்லை என்று சொல்லி அதைக் கடந்துவிடுவோம். ஆனால் வெப்ப அறிவியலின் கண்ணில் அம்மா சொல்வது அளந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய உண்மை. சுவரில் இருக்கும் கருவி சொல்வது அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

சும்மா உட்கார்ந்திருக்கும் வயது வந்த ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உற்பத்தி செய்கிறது. உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டுமானால் உற்பத்தியாகும் வெப்பம் அதே வேகத்தில் வெளியேற வேண்டும். வேகம் கூடினால் குளிர், குறைந்தால் புழுக்கம். வெளியேறும் வழிகளில் தொடும் காற்றும் வியர்வையும் நமக்குத் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத வழி கதிர்வீச்சு. காற்றோட்டம் இல்லாத அறையில் பெரும் பங்கு அதன் வழியாகத்தான் போகிறது. 33 டிகிரியை ஒட்டிய நம் தோல், சுற்றியுள்ள சுவர், தரை, ஜன்னல் எல்லாவற்றுக்கும் இடையறாமல் வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவையும் திருப்பி அனுப்புகின்றன. குளிர்ந்த பரப்பு குறைவாகத் திருப்பித் தரும். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால், சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் உட்பரப்பு 10 டிகிரி அளவில்தான் இருக்கும். ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் உட்பரப்பே உறைநிலையைத் தொட்டுவிடும். போதாததற்கு, கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழிந்து தரையோடு கால்களை நோக்கி வரும். அம்மாவின் சோபா ஜன்னலோரமா, உட்சுவரோரமா என்று முதலில் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைத் தொடாமலே, சோபாவை இடம் மாற்றினால் அவருடைய குளிரில் பாதி தீர்ந்துவிடக்கூடும்.

இந்தக் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த போல் ஓலே ஃபாங்கர். 1970இல் வெளியான அவருடைய நூல் வெப்பச் சுகத்தை ஆறு காரணிகளாகப் பிரித்தது. காற்றின் வெப்பநிலை, சுற்றுப் பரப்புகளின் வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகிய நான்கும் அறையைச் சேர்ந்தவை. செய்யும் வேலையும் அணிந்திருக்கும் உடையும் மனிதரைச் சேர்ந்தவை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதனை அறையில் உட்கார வைத்துக் கேட்டறிந்த விடைகள் அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. உலகெங்கும் அலுவலகங்களின் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் தர விதிகள் அதிலிருந்தே பிறந்தன. அதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று உண்டு. அறையை எவ்வளவு கச்சிதமாக அமைத்தாலும் நூற்றில் ஐந்து பேராவது திருப்தியடைய மாட்டார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வெப்பநிலை கிடையாது என்பதை அந்தச் சமன்பாடே ஒப்புக்கொள்கிறது.

உடையை அளக்க ஓர் அலகும் இருக்கிறது. அதன் பெயர் குளோ. 1941இல் ஆய்வாளர்கள் மூவர் அதை வகுத்தார்கள். 21 டிகிரி அறையில், காற்றோட்டம் பெரிதாக இல்லாதபோது, உட்கார்ந்திருப்பவரைச் சுகமாக வைத்திருக்கும் உடை 1 குளோ. அந்தக் கால ஆணின் கோட்டும் சூட்டும்தான் அதற்கு அளவுகோல். 21 டிகிரி போதும் என்று சொல்லும்போதே, கோட்டு போட்ட ஓர் ஆணைத்தான் நாம் மனத்தில் வைத்திருக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். நூல்சேலைக்குக் கணக்கு வேறு. உடல் வடிவப் பொம்மைக்குச் சேலை உடுத்தி, சூடேற்றி, வெப்ப இழப்பை அளந்த ஆய்வுகள் உண்டு. ஒரே சேலையைத் தளர விட்டுக் கட்டுவதும், முந்தானையை இழுத்துத் தோளோடு போர்த்திக்கொள்வதும் காப்பில் கணிசமான வேறுபாட்டைத் தருகின்றன என்று அவை காட்டின. குளிரெடுத்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்துகிற பெண்ணின் கை, உடையின் குளோ மதிப்பைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறது.

வேறுபாடு உடையோடு நிற்பதில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் போரிஸ் கிங்மா, வௌட்டர் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட் என்ற இருவர் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அலுவலகத் தர விதிகளில் உடல் உற்பத்தி செய்யும் வெப்பத்துக்கு எடுத்துக்கொண்ட மதிப்பு, 40 வயதுள்ள, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுடையது. பெண்களுக்கு அதையே பொருத்தும்போது அவர்களுடைய வெப்ப உற்பத்தி 35 சதவீதம் வரை மிகைப்படுகிறது. அலுவலக ஏ.சி.யில் சால்வையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததற்கு இப்படித்தான் கணக்கில் இடம் கிடைத்தது.

வயதும் உடலைத் திருத்தி எழுதுகிறது. குளிர் பட்டதும் தோலுக்கு அருகிலுள்ள ரத்த நாளங்கள் சுருங்கி, சூடான ரத்தத்தை உள்ளே தக்கவைக்க வேண்டும். முதுமையில் அந்தச் சுருக்கம் தளர்கிறது. நடுக்கமும் தாமதமாகிறது, தசை குறைவதால் உற்பத்தியும் குறைகிறது. சில முதியவர்களுக்குக் குளிரை உணரும் திறனே மங்கிவிடும். அதுதான் எனக்குக் கவலை தருவது. குளிருது என்று சொல்லும் அம்மாவைவிட, குளிரே தெரியவில்லை என்று சொல்லும் தாத்தாவுக்கு ஆபத்து அதிகம். எப்போதும் மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்கிறவர்கள் ரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மகன் பக்கமும் நியாயம் உண்டு. பிரிட்டனின் மைக்கேல் ஹம்ஃப்ரீஸ், ஃபெர்கஸ் நிக்கல் இருவரும் 1970களிலிருந்து திரட்டிய களத் தரவுகள், மக்கள் எந்த வெப்பநிலையில் வாழ்ந்து பழகியிருக்கிறார்களோ அதையே சுகம் என்று உணர்கிறார்கள் என்பதைக் காட்டின. 28 டிகிரியில் வாழ்ந்த அம்மாவும் பனிக்காலங்கள் பல கண்ட மகனும் ஒரே எண்ணுக்கு வர மாட்டார்கள். இந்தப் பழக்கம் மனத்தோடு முடிவதும் இல்லை. பெரியவர்களின் கழுத்திலும் தோள்பட்டைக்கு அருகிலும் பழுப்புக் கொழுப்பு என்ற, கொழுப்பை எரித்து நேரடியாக வெப்பமாக்கும் திசு செயல்படுவது 2009இல் உறுதியானது. பின்னர் மாஸ்ட்ரிக்ட் குழு இளைஞர்களைப் பத்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், 15-16 டிகிரியில் இருக்கச் சொன்னது. பழுப்புக் கொழுப்பின் செயல்பாடு கூடியது, நடுக்கம் குறைந்தது, குளிரின் தொந்தரவும் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். இது உடல்நலமுள்ள இளைஞர்களிடம் கண்ட முடிவு. இதைக் காட்டி வயதானவர்களைக் குளிருக்குப் பழக்க முயலக் கூடாது.

இப்படிப் பலவகை உடல்கள் ஒரு கூரையின் கீழ் இருக்கும்போது ஒரே எண்ணுக்காகப் போராடுவதைவிட, அவரவர் உடலுக்கு அருகில் சூட்டைக் கொண்டுபோவது நல்ல வழி. காஷ்மீரின் காங்கிரி அதைத்தான் செய்கிறது. ஜப்பானியர்களின் கோதாட்சு, தாழ்வான மேசையின் அடியில் ஒரு சூடேற்றியும் மேசையைச் சுற்றித் தொங்கும் மெத்தைப் போர்வையும் கொண்டது. குடும்பமே போர்வைக்குள் காலை நீட்டிச் சாப்பிடும், படிக்கும், ஆரஞ்சு உரிக்கும். கொரியர்களின் ஓந்தோல் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டது. இன்று அங்கே தரைக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. தரையில் உட்கார்ந்து, தரையில் படுக்கும் மக்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது.

கைகால்களில் கவனம் வைப்பதற்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது. விரல்களிலும் பாதங்களிலும் தமனியையும் சிரையையும் நேரே இணைக்கும் குறுக்கு நாளங்கள் உண்டு. உடல் வெப்பத்தைச் சேமிக்க நினைத்ததும் முதலில் மூடிக்கொள்பவை அவைதான். அதனால்தான் வயிறு சூடாக இருக்கும்போதே பாதம் பனிக்கட்டியாகிறது. பாதம் குளிர்ந்தால் தூக்கமும் தள்ளிப்போகும். கைகால்களுக்கு ரத்தம் பாய்ந்து சூடாகும்போது தூக்கம் விரைவில் வருவதை 1999இல் சுவிட்சர்லாந்தின் பாசல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தே வளர்ந்த நம்மவர்கள் குளிர்நாட்டில் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் அது. தடித்த சாக்ஸும் வீட்டுக்குள் போடும் மென்செருப்பும் போதும்.

மின்சாரக் கணக்கும் இதையே சொல்கிறது. 2,000 வாட் ஃபேன் ஹீட்டர் எட்டு மணி நேரம் நில்லாமல் ஓடினால் 16 யூனிட். 100 வாட் மின்போர்வை அதே நேரத்துக்கு ஒரு யூனிட்டைக்கூடத் தொடாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கையையும் பாதத்தையும் மட்டும் சூடேற்றும் கருவிகளைச் சோதித்தார்கள். சில பத்து வாட் செலவில், அறை வழக்கத்தைவிடக் குளிராக இருந்தும் உட்கார்ந்திருப்பவர்கள் சுகமாக உணர்ந்தார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வெந்நீர்ப் பையைக் குறைவாக நினைக்க வேண்டாம். இரண்டு லிட்டர் நீர் 60 டிகிரியிலிருந்து உடல் வெப்பத்துக்கு இறங்கும்போது சுமார் 50 வாட்-மணி வெப்பத்தைத் தருகிறது. உடல் முழுவதும் அரை மணி நேரம் உற்பத்தி செய்யும் அளவு அது. துணி சுற்றாமல் தோலில் வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாத உணர்வு மங்கியவர்கள் காலருகே வைக்கவே கூடாது.

மலைவாசத் தலத்துக்குப் போகிறவர்கள் குளிருக்கென்று மது குடிப்பதும் உண்டு. மது தோலின் நாளங்களை விரித்துவிடுகிறது. சூடேறுவதுபோல் தோன்றும் அந்த நேரத்தில் உடல் தன் வெப்பத்தை வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது.

ஆளுக்கு மட்டும் சூடு என்ற வழிக்கும் விலை உண்டு. ஸ்ரீநகரில் மருத்துவப் பணி செய்த வில்லியம் எல்ம்ஸ்லி 1866இலேயே, காஷ்மீரிகளின் தொடையிலும் அடிவயிற்றிலும் வரும் தோல் புற்றுநோயைக் காங்கிரியோடு இணைத்து எழுதினார். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் படும் சூடு தோலைக் கருகச் செய்து கடைசியில் புற்றாக்குகிறது. ஜப்பானில் உட்காரும் அறை மட்டும் கதகதப்பாகவும் குளியலறை சில்லென்றும் இருப்பதால், குளிரில் உடை களைந்து உடனே கொதிக்கும் தொட்டியில் இறங்கும் முதியவர்களின் ரத்த அழுத்தம் ஏறி இறங்கி, மயங்கி இறப்பது நெடுநாள் துயரம். சூடேறாத அறையில் மூச்சின் ஈரம் சுவரில் படிந்து பூஞ்சணம் வளர்கிறது. எல்லாவற்றையும்விடக் கொடியது மூடிய அறையில் கரியடுப்பு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவை அடைத்துவிட்டுக் கரித்தணலை அருகில் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை வட இந்தியாவிலிருந்தும் நம் மலைத் தலங்களிலிருந்தும் படித்திருக்கிறோம். தணல் இருக்கும் அறையில் தூங்கவே கூடாது. இதில் விருப்பத்துக்கு இடமில்லை.

ஆகவே அறையையும் அடியோடு கைவிட முடியாது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும், முதியவர்கள், குழந்தைகள், நோயாளிகள் இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. அதை ஹீட்டரால் மட்டும் எட்டப் பார்த்தால் பணம் கரையும். நியூசிலாந்தில் ஃபிலிப்பா ஹௌடன்-சாப்மன் குழு 1,350 வீடுகளில் வேறொன்றைச் செய்து பார்த்தது. கூரைக்கும் தரைக்கும் வெப்பக் காப்புப் பொருத்தினார்கள். படுக்கையறை வெப்பநிலை சராசரியாக அரை டிகிரிதான் உயர்ந்தது, ஈரம் சற்றுக் குறைந்தது, எரிபொருள் செலவும் குறைந்தது. ஆனால் மூச்சிரைப்பு குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்களும் பெரியவர்கள் வேலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன. 2007இல் வெளியான இந்த முடிவை நான் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன்.

நீலகிரியின் தோடர்கள் அரைப்பீப்பாய் வடிவில் பிரம்பும் புல்லும் வேய்ந்த வீடுகளைக் கட்டினார்கள். மூன்றடி உயர வாசல், ஜன்னலே இல்லை, கனத்த கூரை. வெப்பம் தப்பிக்கும் வழிகளை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று உதகையிலும் கொடைக்கானலிலும் சமவெளியில் கட்டுவதைப் போலவே காப்பில்லாத கான்கிரீட் கூரையும் அகன்ற ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுமாக வீடுகள் எழுகின்றன. அங்கே வீடு கட்டுகிறவர்கள் ஹீட்டர் விலை கேட்பதற்கு முன் கூரைக் காப்புக்கு விலை கேட்க வேண்டும். ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால், ஜன்னலுக்குத் தரைவரை தொங்கும் கனத்த திரை, கதவடி இடுக்கை அடைக்கும் துணிச்சுருள், தரையில் ஒரு ஜமக்காளம் ஆகியவற்றை இந்த வாரமே செய்துவிடலாம். விறகோ கரியோ எரிக்கும் அறையில் மட்டும் இடுக்குகளை அடைக்காதீர்கள்.