கேமுக்குள்ள எதுக்கு வரி?

கேமுக்கு வரின்னு சொன்னதும், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களுக்கு 2023 அக்டோபரில் வந்த 28% ஜிஎஸ்டி உங்க ஞாபகத்துக்கு வரலாம். இது அது இல்லை. கேமுக்குள்ளேயே, கேம் காசில் பிடிக்கிற வரி. இதைக் கூட்டும்போதெல்லாம் ஆடுறவங்க ரெண்டு கட்சியாகப் பிரிஞ்சு சண்டை போடுவாங்க. யார் பக்கம் நியாயம்னு பார்க்க, முதலில் அந்தக் காசு எங்கே போகுதுன்னு தெரியணும்.

தோவாளை பூச்சந்தையில் கமிஷன் பிடிச்சா, அந்தப் பணம் ஒருத்தர் வீட்டுக்குப் போய், அரிசிக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் செலவாகி, திரும்ப ஊருக்குள்ளேயே சுத்தும். கேமில் பிடிக்கிற வரி அப்படியில்லை, அழிஞ்சு போகும். அழிக்கிறதுக்குத்தான் அந்த வரியே.

ஏன் அழிக்கணும்? ஒரு மான்ஸ்டரைக் கொன்னா 500 காசு கிடைக்குதுன்னு வைங்க. அது யார் கையிலிருந்தும் வரலை. சர்வர் அப்போதான் புதுசா உண்டாக்குது. ஆயிரக்கணக்கான பேர் ராப்பகலா கொன்னா? பேச்சிப்பாறை அணைக்கு மழைத்தண்ணி வந்துகிட்டே இருக்கு, மதகை மட்டும் திறக்கலைன்னா என்ன ஆகுமோ அதுதான். காசு பெருகப் பெருக விலை ஏறும். நேத்து சேர்ந்தவனால ஒரு நல்ல வாள்கூட வாங்க முடியாது. வரிதான் அந்த மதகு.

'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' இதுக்கு நல்ல உதாரணம். அதன் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் 2021 டிசம்பரில் விற்கிறவங்களுக்கு 1% வரி வந்தது. 2025 மே மாதம் அது 2% ஆனது. வரியில் ஒரு பங்கை வெச்சு, சந்தையில் தேங்கிக் கிடக்கிற சில பொருள்களை கேமே வாங்கி அழிக்குது. அந்தப் பங்கு மட்டும் காசாகத் திரும்பி வருது, பொருள் குறையுது.

வெறும் 1% தானே கூடுதுன்னு நினைக்காதீங்க. 1000 காசுக்கு வாங்கி 1015க்கு விற்கிற ஒரு வியாபாரியைப் பாருங்க. பழைய வரி 10 காசு, லாபம் 5. புது வரி 20 காசு, நஷ்டம் 5. இவர் கடையைக் கட்டிட்டா, நீங்க அவசரமா ஒண்ணை விற்கும்போது வாங்க ஆள் குறைவு.

அடுத்த கேள்வி, யார் தலையில் விழுது? ஒரு பொருளுக்கு அதிகபட்ச வரி 50 லட்சம் காசு. அதனால 100 கோடிக்குப் போற பொருளுக்கு வரி அரை சதவீதம்தான். 1000 காசு பொருளுக்கோ முழுசா 2%. இன்னொண்ணு, பெட்டியில் பூட்டி வெச்ச காசை விற்பனை வரி தொடவே தொடாது. மறுபக்கம், 50 காசுக்குக் கீழே விற்கிற பொருளுக்கு வரியே கிடையாது.

ஆக, வரி வேணுமா வேண்டாமாங்கிறது சண்டையே இல்லை. மதகு இல்லாத அணை உடையும். ரொம்பத் திறந்தா வயல் காயும். எவ்வளவு, யாரிடம்ங்கிறதுதான் கேள்வி. 'ஈவ் ஆன்லைன்' நடத்துற சிசிபி நிறுவனம் இதைக் கவனிக்கவே 2007இல் ஒரு பொருளாதார நிபுணரை வேலைக்கு எடுத்தது.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு மல்டிபிளேயர் கேம் பண்ணப் போறீங்களா? முதல் நாளிலிருந்தே தினமும் ரெண்டு எண்ணைப் பதிவு பண்ணுங்க: எவ்வளவு காசு பிறந்தது, எவ்வளவு அழிஞ்சது. அது கையில் இல்லாம வரி விகிதத்தைத் தொடாதீங்க மக்கா.