ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திருவனந்தபுரம் டூ எர்ணாகுளம்!



முதலில் ஒரு கேள்வி. 1950-ஆம் வருஷம். ஒருத்தர் திருவனந்தபுரத்தில் இருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலிலேயே போகணும். எந்த வழியாகப் போவார்? கோட்டயமா, ஆலப்புழையா? இரண்டும் இல்லை! கொல்லம், புனலூர், செங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில், ராஜபாளையம், நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர், மதுரை, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று சுற்றிக்கொண்டு போய் எர்ணாகுளத்தில் இறங்கணும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுவது என்பார்களே, அதேதான். (பெரும்பாலான ஆட்கள் படகிலோ பஸ்ஸிலோ போயிருப்பார்கள். ஆனால் தண்டவாளம் என்றால் இப்படிச் சுற்றித்தான்.)

இதை எங்க தாத்தாவிடம் சொன்னேன். அவர் தறியை நிறுத்தாமலே, "அதனாலதான்டா அந்தக் காலத்துல கொல்லம் மெயில்ல மலையாளம் அவ்வளவு கேட்கும்" என்றார்.

நம்ம சுந்தரபாண்டியத்துக்கு ரயில் கிடையாது. கிருஷ்ணன்கோவில் வழியாகப் பஸ்ஸில் போய் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் ஏறணும். அதனாலேயோ என்னவோ, அந்தப் பாதையை ஒரு சின்னக் கிளைப் பாதை என்றே நினைக்கிறோம். அது எப்படி வந்தது தெரியுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ரயில் நுழைய இடைவெளி குறைவு. பெரிய வழி பாலக்காட்டில் இருக்கிறது. தெற்கே அடுத்தது செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய். மாட்டு வண்டிகள் சரக்கு ஏற்றிப் போன அந்த வழியில் ரயில் விட, தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சென்னை மாகாண அரசும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சேர்ந்தன. திருநெல்வேலியில் இருந்து கிளம்பிய பாதை 1903-ல் செங்கோட்டைக்கு வந்தது. 1904-ல் கொல்லம் வரை முடிந்தது. (அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம்ம பக்கம் சேர்ந்தது.)

முதல் ரயிலைப் பற்றிக் கொல்லத்தில் ஒரு கதை சொல்வார்கள். தண்டவாளத்தில் வரவேண்டிய ரயில், பாகம் பாகமாகத் தூத்துக்குடியில் இருந்து கப்பலில் வந்ததாம். துறைமுகத்தில் இருந்து ஸ்டேஷனுக்கு மாட்டு வண்டியில் போனதாம்! புகை விட்டுக்கொண்டு கத்திய இஞ்சினைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர் 'தூமசகடாசுரன்'. தூமம் என்றால் புகை, சகடம் என்றால் வண்டி. புகைவண்டி அசுரன்!

அந்த அசுரன் ஏறிய வழி சாதாரணமானது இல்லை. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே 49 கிலோமீட்டர்தான். அதற்குள் குகைகள், பாலங்கள், வளைவுகள். ஆரியங்காவுப் பக்கம் உள்ள பெரிய குகை முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தென்மலைப் பக்கம் கருங்கல்லில் கட்டிய பதிமூன்று கண் பாலம் இருக்கிறது. நூறு மீட்டர் நீளம், பதிமூன்று வளைவு. கீழே ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் ஆறு. ஏற்றம் அதிகம் என்பதால் முன்னால் இழுக்க ஒரு இஞ்சின், பின்னால் தள்ள ஒரு இஞ்சின். இன்றைக்கும் அப்படித்தான்.

சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கே வந்தது? 1904-ல் கொல்லத்தில் ஏறியவர் மதுரைக்குப் போக, செங்கோட்டையில் இருந்து தெற்கே திருநெல்வேலிக்கு இறங்கி, மறுபடியும் வடக்கே ஏறி, மணியாச்சி, விருதுநகர் என்று வரணும். முக்கோணத்தில் இரண்டு பக்கம் நடப்பது மாதிரி. மூன்றாவது பக்கத்தைப் போட்டது 1927-ல். அதுதான் விருதுநகர் – தென்காசிப் பாதை, ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதாவது நம்ம பாதை கிளைப் பாதை இல்லை, குறுக்கு வழி! சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் 1936-ல் மில் வந்தது. பஞ்சும் தீப்பெட்டியும் வெளியே போக வாசலிலேயே ரயில்.

பிறகு ஏன் சுருங்கியது? 1958-ல் கோட்டயம் – கொல்லம் பாதை முடிந்தது. கேரளாக்காரர்களுக்கு நேர்வழி கிடைத்துவிட்டது. 1970-களில் அந்தப் பாதை அகலமாகவும் மாறிவிட்டது. நம்ம பாதை மீட்டர் கேஜாகவே நின்றது.

இந்த கேஜ் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கணும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கேஜ். மீட்டர் கேஜில் அது 1000 மில்லிமீட்டர், அகலப் பாதையில் 1676. வெள்ளைக்காரர்கள் முதலில் அகலப் பாதை போட்டார்கள். 1870-களில் இருந்து செலவைக் குறைக்கப் பல இடங்களில் மீட்டர் கேஜ் போட்டார்கள். ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. மேலே சொன்ன எர்ணாகுளம் பயணியும் பாலக்காட்டுப் பக்கம் வந்ததும் மூட்டை முடிச்சோடு வண்டி மாறித்தான் ஆகணும். ஜப்பானில் பெரும்பாலான பழைய பாதைகள் 1067 மில்லிமீட்டர். அங்கே புல்லட் ரயிலுக்கு மட்டும் தனியாக அகலமான பாதை போட்டுவிட்டு, பழையதை அப்படியே ஓட்டுகிறார்கள். இங்கே 1992-ல் எல்லாவற்றையும் ஒரே கேஜாக்க முடிவு செய்தார்கள். அது சரிதான் என்பது என் கருத்து. ஆனால் செய்த விதம்தான் கஷ்டம்.

2004-ல் விருதுநகரில் இருந்து செங்கோட்டை வரை அகலப் பாதை வந்துவிட்டது. பொதிகை எக்ஸ்பிரஸ் வந்தது. நமக்குச் சென்னை பக்கமாச்சு! ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே பழைய மீட்டர் கேஜ். 2007-ல் கொல்லம் – புனலூர் மூடப்பட்டது. நடுவில் செங்கோட்டை – புனலூர் மட்டும், இரண்டு பக்கமும் வெட்டிய கயிறு மாதிரி, தனியாக ஓடியது. 2010 செப்டம்பரில் அதுவும் நின்றது. குகையைப் பெரிதாக்கணும், பாலத்தைப் பலப்படுத்தணும், அதுவும் காட்டுக்குள்ளே, மழைக்கு நடுவிலே. மறுபடி ரயில் ஓடியது 2018-ல்.

எட்டு வருஷம்! நான் பிறந்தது 2011. நான் இரண்டாம் வகுப்புக்குப் போகும்வரை அந்த மலையில் ரயிலே கிடையாது. எங்க பெரியப்பா புனலூரில் ஹோட்டல் வேலை பார்க்கிறார். அந்த வருஷங்களில் அவர் பொங்கலுக்கு வரணும் என்றால் புனலூர், செங்கோட்டை, ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில் என்று பஸ் மாறி மாறி வருவார். லீவு இரண்டு நாள் என்றால் வரவே மாட்டார். பெரியம்மா, "மலைக்கு அந்தப் பக்கம் போனா சீமைக்குப் போன மாதிரி" என்பார். சபரிமலை சாமிமாருக்கும் இதே பாடு. ஆரியங்காவுக் கோயில் பாதை ஓரத்திலேயே இருக்கிறது, ரயில் மட்டும் இல்லை.

பதிமூன்று கண் பாலத்தை இடிக்கவில்லை. பலப்படுத்தி, அதன் மேலேயே அகலப் பாதை போட்டிருக்கிறார்கள். 1904-ல் வைத்த கல்லின் மேல்தான் இன்றைய ரயில் போகிறது.

இப்போது சென்னை – கொல்லம் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ஓடுகிறது. 2023-ல் மதுரை – குருவாயூர் எக்ஸ்பிரஸும் வந்தது. அது மலையைப் பகலில் கடப்பதால், குகையும் பாலமும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதில் போகலாம். ஒரு விஷயம் பாருங்கள். அந்த ரயில் செங்கோட்டை, கொல்லம் வழியாகப் போய், எர்ணாகுளத்தையும் தாண்டிக் குருவாயூர் போகிறது. பெரியப்பா இப்போது வண்டி மாறாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து இறங்குகிறார். இந்தப் பொங்கலுக்கு ஒன்றரை நாள் லீவுதான். வந்துவிட்டார்!