கீரைக்கு எத்தனை நாள், மாத்திரைக்கு எத்தனை நாள்?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு. முந்தைய ஆய்வில் 55. இறங்கியது ஒன்றரைப் புள்ளிதான். வீட்டில் ஒருத்திக்கு ரத்தம் குறைவு என்றதும் முதலில் முருங்கையைத்தான் ஒடிக்கிறோம். அந்த இலையால் எவ்வளவு ஈடுகட்ட முடியும் என்று இரும்புக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஹீமோகுளோபின் 100 மி.லி. ரத்தத்துக்கு 9 கிராம் இருக்கும் பெண் 12-க்கு வர வேண்டும். உடம்பில் 4 லிட்டர் ரத்தம் என்றால், கூட வேண்டிய ஹீமோகுளோபின் 120 கிராம். கிராமுக்கு 3.4 மி.கி. இரும்பு வீதம் மொத்தத் தேவை 408 மி.கி.

உருவிய முருங்கை இலை 100 கிராமில் சுமார் 4.5 மி.கி. இரும்பு இருக்கிறது. தினம் அந்த அளவு தின்று, தாவர இரும்பில் 5 விழுக்காடு ரத்தத்தில் சேர்ந்தால் நாளுக்கு 0.225 மி.கி. அன்றாட இழப்பைக் கழிக்காமலே 1,813 நாள், ஏறக்குறைய ஐந்து ஆண்டு. ஒரு நாள் இலைக்கு 10 ரூபாய் என்று வைத்தால் 18,000 ரூபாயைத் தாண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பு. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலும் நாளுக்கு 6 மி.கி.; 68 நாளில் கணக்கு தீரும். மலம் கறுக்கிறது, வயிறு புரட்டுகிறது என்று பாதியில் நிறுத்துவோர் ஏராளம். கறுப்பு, சேராத இரும்பின் நிறம், பயப்பட வேண்டாம்.

சிவப்பாயிருக்கிறதே என்று வாங்கும் பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 1 மி.கி. கூட இல்லை, மாதுளையில் அரை மி.கி.யும் தேறாது.

மூலிகைச் சாறு எலிகளுக்கு ரத்தம் ஊறச் செய்தது என்ற ஆய்வுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். பலவற்றில் பினைல்ஹைட்ரசின் கொடுத்துச் சிவப்பணுக்களை உடைக்கிறார்கள். உடைந்த அணுவின் இரும்பு எலியின் உடம்பிலேயே தங்குவதால், மருந்தே இல்லாமலும் சில வாரங்களில் புது அணுக்கள் உருவாகிவிடும். நம் பெண்களிடம் பெரும்பாலும் குறைவது அந்த இரும்பேதான்.

சித்த மருத்துவம் இலையை மட்டும் நம்பவில்லை. அன்னபேதி செந்தூரம், பாவன கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நான்கையும் சேர்த்து வளரிளம் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 2,300 பேர் 45 நாள் முடித்தார்கள், ஹீமோகுளோபின் ஏறியது. அன்னபேதி இரும்பு உப்பு. நெல்லிக்காய் வைட்டமின் சி தரும். அந்தச் சத்து தாவர இரும்பு உடம்பில் சேர்வதை இரண்டு, மூன்று மடங்காக்கும். நாலு மணித் தேநீரோடு மாத்திரை விழுங்கினால் அந்த லாபம் எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இறங்கிவிட்டால் கீரையும் வேண்டாம், லேகியமும் வேண்டாம், நேரே மருத்துவமனைதான். மற்றவர்கள் 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையை விடக்கூடாது. உடம்பின் இருப்பு அப்போதுதான் நிரம்பும்.

முருங்கைக்கு வேலை அதற்குப் பிறகு வருகிறது. மாதவிடாயில் போகும் இரும்பு மாதம் 15 மி.கி. அளவு, நாளுக்கு அரை மி.கி. பொரியலை இறக்கி வைத்தபின் எலுமிச்சை பிழிந்தால் 5 விழுக்காடு 10 ஆகலாம். 100 கிராம் இலையிலிருந்து 0.45 மி.கி. சேரும். மாதாமாதம் போகும் இரும்பை அநேகமாக அப்படியே ஈடுகட்டும் அளவு அது.