எச்சில் சொல்லாத ஊர்

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐஸ்லாந்திலிருந்து கனடாவுக்குப் போனவர்களின் வாரிசுகள், ஹோஃப்சோஸ் என்ற கடலோரச் சிற்றூரில் உள்ள புலம்பெயர்ந்தோர் நிலையத்துக்கு வந்து பாட்டனுக்குப் பாட்டன் பெயரைக்கூடத் தெரிந்துகொண்டு போகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்தாராம். "என் தாத்தா ரஜுலா கப்பலில் வந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் என்பதற்கு மேல் அப்பாவுக்கே தெரியாது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் ஊரைச் சொல்லிவிடுவார்கள் என்கிறாள் மகள். அனுப்பலாமா?"

அனுப்பலாம். "தென்னிந்தியர்" என்று பதில் வரும். அதைக் கண்ணாடியே சொல்லும், காசு கேட்காமல்.

அதற்கு மேல் ஏன் வராது என்பதில்தான் சுவை இருக்கிறது. டிஎன்ஏ கலப்பு என்றால் நம்மில் பலருக்கு நாசி கண்டார்தான் நினைவுக்கு வரும். நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றி 'பாஞ்சிர்' செய்த சோறு. அப்பா பாதி, அம்மா பாதி, தாத்தா கால், எல்லாம் கரைந்து ஒரே நிறம். இந்தப் படம் தவறு. டிஎன்ஏ கரைவதே இல்லை. அது வெட்டிக் கட்டப்படுகிறது.

பினாங்கின் குவீன் தெரு மாரியம்மன் கோவில் பக்கத்துப் பூக்கடையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பூக்காரம்மா ஒரு மல்லிகைச் சரத்தையும் ஒரு கனகாம்பரச் சரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டையும் ஒரே இடத்தில் கத்தரிக்கிறார். மல்லிகையின் தலையைக் கனகாம்பரத்தின் வாலோடு முடிகிறார். உங்கள் தாயின் கருமுட்டை உருவானபோது நடந்தது இதுதான். அவரிடம் 23 ஜோடிச் சரங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அவருடைய அப்பா தந்த மல்லிகை, மற்றது அம்மா தந்த கனகாம்பரம். ஜோடிக்கு ஒரு சரம்தான் உங்களுக்குத் தரலாம் என்பதால், வெட்டி மாற்றிக் கட்டித் தருகிறார். மொத்தத்தில் தாய் சராசரியாக 40 வெட்டுக்கு மேல் போடுகிறார், தகப்பன் 26 சுற்று. முழத்துக்குக் குறைந்து கொடுக்காத பூக்காரம்மாவைப் போல உயிரணுவுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு: ஜோடிக்கு ஒரு வெட்டாவது விழுந்தாக வேண்டும். (உண்மையில் வெட்டும் நேரத்தில் ஜோடிக்கு நான்கு சரங்கள் இருக்கும், அதனால் வெட்டுப்படாத சரமும் சில சமயம் உங்கள் கைக்கு வரும். உவமையின் நூல் இங்கே கொஞ்சம் தொங்குகிறது, விட்டுவிடுங்கள்.)

அடுத்த தலைமுறையில் அந்தக் கட்டிய சரம் மறுபடி வெட்டப்படும். துண்டுகள் கூடிக்கொண்டே போகும், ஆனால் மெதுவாக. தாய்வழியில் ஒருமுறையும் தகப்பன் வழியில் ஒருமுறையும் எண்ணினால், தலைமுறைக்குச் சுமார் 66 துண்டு கூடுகிறது. மூதாதையரோ இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிக்கிறார்கள். பத்தாம் தலைமுறையில், அதாவது ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் வந்து இறங்குவதற்கும் முன்னால், உங்களுக்கு 1024 மூதாதையர் இடம். உங்கள் உடம்பிலுள்ள துண்டுகளோ சுமார் 640. பந்திக்கு உட்கார்ந்தவர் ஆயிரம், இலை அறுநூறு. சிலருக்கு இரண்டு இலை விழும். ஏறக்குறைய பாதிப் பேரிடமிருந்து உங்களுக்கு ஒரு பூக்கூட வந்திருக்காது. அவர்களில் ஒவ்வொருவரும் உங்கள் பாட்டன் பாட்டிதான், அவர் இல்லாமல் நீங்கள் இல்லை. ஆனால் எந்தச் சோதனைக் கூடத்தாலும் அவரை உங்களுக்குள் கண்டுபிடிக்க முடியாது. நான் முதலில் படித்தபோது இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

இதையே தலைகீழாகச் செய்து காட்டியவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். கரீபியன் கடலில் டென்மார்க் வசமிருந்த செயின்ட் குரோய் தீவில், ஆப்பிரிக்க அடிமைத் தாய்க்கு 1784இல் பிறந்தவர் ஹான்ஸ் யோனத்தான். தப்பி ஓடி 1802இல் ஐஸ்லாந்து சேர்ந்து, அங்கேயே குடும்பம் நடத்தி 1827இல் இறந்தார். எலும்பு கிடைக்கவில்லை, கல்லறையும் தெரியாது. டிகோடு ஜெனிட்டிக்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் அவருடைய வாரிசுகள் 182 பேரின் டிஎன்ஏவில் ஆப்பிரிக்கத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சேர்த்து, தாயிடமிருந்து அவர் பெற்றதில் 38 சதவீதத்தை மீட்டுவிட்டார்கள். 2018இல் வெளியான வேலை. இருநூறு வீட்டுக் குப்பையில் உதிர்ந்த பூவைச் சேர்த்து ஒரு பழைய மாலையை மறுபடி கட்டிய மாதிரி.

முடிந்ததற்குக் காரணம் இரண்டு. வெள்ளை மல்லிகைக் குவியலில் அவர் ஒருவர் மட்டும் கனகாம்பரம், எனவே எளிதாகக் கண்ணில் பட்டது. அதைவிட முக்கியமானது, யார் அவருடைய வாரிசு என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். 1703இலேயே நாட்டில் இருந்த 50,000 பேரையும் பெயர் சொல்லிக் கணக்கெடுத்த தேசம் அது. தேவாலயப் பதிவேடுகள் தனி. அவற்றையெல்லாம் கோத்த இஸ்லெண்டிங்கபோக் என்ற வம்சாவளித் தளம் 2003இல் இணையத்துக்கு வந்தது. நான்கு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை. வாசகி பார்த்த அற்புதத்துக்கு எச்சில் காரணமில்லை, மைதான் காரணம்.

இனி நம் கூடைக்கு வருவோம். நம்மிடம் எல்லாம் மல்லிகை. தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் பிள்ளைக்கு, அப்பாவைப் பெற்ற கிழவரே அம்மாவழியில் கொள்ளுத்தாத்தாவும் ஆவார். அத்தை மகனைக் கட்டினால் பிள்ளையின் எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டிகளில் ஆறு பேர்தான் தேறுவார்கள். இதைப் பல தலைமுறை, ஒரே சாதிக்குள், பக்கத்து ஊர்களுக்குள் செய்திருக்கிறோம். தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றில் 81 சமூகங்களில் இந்த நெருக்கம் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் மிஞ்சுகிறது என்றது. உதாரணமாக, ஆரிய வைசியர் சமூகத்தில் ஒரு நொதிக்குறை அதிகம். அறுவை அரங்கில் தரும் ஒரு தசைத்தளர்வு மருந்து அக்குறை உள்ளவர்களுக்குச் சீக்கிரம் விடாது. இதெல்லாம் மருத்துவருக்குப் பயன்படும் செய்தி. ஊர் தேடுபவருக்குத் தலைவலி. சின்னச் சின்னத் துண்டுகளைப் பல வழியில் பகிர்ந்த இரண்டு பேரைப் பார்த்து, கணினி "மூன்றாம் தலைமுறைச் சொந்தம்" என்று கை தட்டும். உண்மையில் அவர்கள் பல வழியில் தூரத்துச் சொந்தம். மேலும், ஒப்பிட ஆள் வேண்டுமே. உங்கள் தாத்தாவின் ஊரில் எத்தனை பேர் குழாயில் துப்பி அமெரிக்காவுக்கு அனுப்பியிருப்பார்கள்?

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. வெட்டி மாற்றுவதைப் பழ ஈக்களில் உய்த்துணர்ந்தவர் டி. எச். மார்கன். அவருடைய மாணவர் ஸ்டர்ட்டெவன்ட் 1913இல் முதல் மரபணு வரைபடம் போட்டார். துண்டின் நீளத்தை அளக்கும் சென்டிமார்கன் அலகுக்கு மார்கன் பெயரை வைத்தவர் ஹால்டேன். ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். போதும்.

சதவீதக் கணக்குகளையும் நம்பி உருகாதீர்கள். "இத்தனை சதவீதம் தென்னிந்தியா, இத்தனை மலாய்" என்பது அந்தக் கம்பெனி கையில் வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஊகம். மாதிரி மாறினால் அடுத்த வருடம் சதவீதமும் மாறும். இந்திய முஸ்லிமும் மலாய்க்காரரும் கலந்த, சூலியாத் தெருவின் ஜாவிப் பெரானாக்கான் குடும்பத்துக்குத் தங்கள் கதை இதைவிடத் துல்லியமாகத் தெரியும். இந்தத் தொழிலில் பெரும்பெயர் எடுத்த டுவென்டித்ரீ அண்ட் மீ, 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களைத் திருட்டுக் கொடுத்து, 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டது. கடவுச்சொல்லை மாற்றலாம், எச்சிலை மாற்ற முடியாது.

ஐஸ்லாந்துக்காரருக்கும் நமக்கும் ஒரு வியப்பான ஒற்றுமை உண்டு. அவர்களிடமும் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. யோனின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். நம் மலேசிய அடையாள அட்டையான ஐசியில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று இருப்பது அதேதான். ஆனால் தமிழ்நாட்டுப் பெயர்களில் அப்பா எழுத்துக்கு முன்னால் பல சமயம் ஓர் ஊர் எழுத்தும் நிற்கும். ஏ/எல் வந்த இடத்தில் ஊருக்கு இடமில்லை. மிச்சத்தைத் தோட்டத்து எழுத்தரான கிராணியின் காது பார்த்துக்கொண்டது. ஒரே முனியாண்டி மூன்று விதமாக எழுதப்பட்டார். மொரிஷியஸுக்கும் நட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு எண், ஊர், தகப்பன் பெயரோடு பதிவேடு இருக்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்கிறார்கள். மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிந்தது. அதன் பின் 1938 வரை ஆள் சேர்த்தது பெரும்பாலும் தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி. அவருடைய பதிவேடு அவருடைய சொந்த ஊர்தான்: தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் தெரிந்தவர்களைத்தான் கூட்டி வந்தார்.

அதனால் ஆயர் ஈத்தாம் அம்மா, குழாய்க்கு வைத்த பணத்தில் குடும்பத்தின் மூத்த கிழவி எங்கே இருக்கிறாரோ அங்கே பஸ் ஏறுங்கள். தோட்டத்தில் அவர்களைக் கூட்டி வந்த கங்காணி பெயர் என்ன என்று கேளுங்கள். பழைய சூட்கேஸில் நீல ஏரோகிராம் ஏதாவது இருந்தால், எழுத்து மங்கியிருந்தாலும் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், அஞ்சலகத்தின் பெயர் அதில் இருக்கும். "எந்த ஊர்" என்று கேட்டால் "தஞ்சாவூர்ப் பக்கம்" என்றுதான் பாட்டி சொல்வார். அதைக் கேட்காதீர்கள். குலதெய்வம் எது, முதல் முடி எந்தக் கோவிலில் இறக்கினார்கள் என்று கேளுங்கள். சொன்னதை அங்கேயே, அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.